சேலைப் படம் எடை குறையணும், புள்ளி போகக் கூடாது: தளத்துப் படங்களைப் பற்றி ஓர் இழை

2024 மார்ச் 11, மாலை (கேள்வி, மேலூரிலிருந்து)

“அண்ணே, அப்பாவோட பாத்திரக் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டிருக்கேன். தளம் கட்டுற வேர்ட்பிரஸ் மென்பொருள்லதான். படம் அத்தனையையும், அதுல சேர்க்கிற ஒரு பிளக்இன் வச்சு 60 தரத்துக்கு அமுக்கிட்டேன். எடை பாதியாக் குறைஞ்சிருச்சு. ஆனா போன்ல திறந்தா இன்னும் வெள்ளைத் திரைதான் நிக்குது. இதுக்கு மேல அமுக்கினா பித்தளைக் குடமெல்லாம் திட்டுத் திட்டாத் தெரியுது. ஹோஸ்டிங்கை மாத்தணுமா?”

மார்ச் 11, இரவு

ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் வாடகைக் கணினியை, மாற்றாதீர்கள் தம்பி. முதலில் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, அதன் அகலம் உயரம் எத்தனை பிக்சல் (படத்தின் மிகச் சிறிய நிறக் கட்டம்) என்று பாருங்கள். 4000-க்கு 3000 என்று இருந்தால் நோய் அங்கேதான் இருக்கிறது.

போன் கேமராவில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் அந்த அளவில்தான் வரும். அதைப் பார்க்கப் போகும் போன், விலை குறைந்ததென்றால், 720 பிக்சல் அகலத் திரை. அந்தத் திரை முழுக்க நிறைத்தாலும் 720-க்கு 540 போதும். பெருக்கிப் பாருங்கள்: 3,88,800 பிக்சல் வேண்டிய இடத்துக்கு 1 கோடியே 20 லட்சம் பிக்சல் அனுப்புகிறோம். சுமார் 31 மடங்கு. ஒரு படி அரிசி கேட்டவர் வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு, அவர் ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டுவதைப் போல. பிரவுசர் அதைத்தான் செய்கிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வது ஏன் என்றால், நானும் இதே இடத்தில் நின்றவன். அக்காவுக்கு மதுரையில் விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் முகப்பில் 14 சேலைப் படம், மொத்தம் 41 எம்பி. கூகுளின் லைட்ஹவுஸ் சோதனை ஒரு மெதுவான 4ஜி இணைப்பை வைத்து அளக்கும், நொடிக்கு 1.6 மெகாபிட், அதாவது 0.2 எம்பி. அந்தக் கணக்குப்படி 41 எம்பி இறங்க 205 நொடி. மூணரை நிமிஷம் யார் காத்திருப்பார்கள்? நானும் உங்களைப் போலவே அமுக்கி அமுக்கி 19 எம்பிக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் ஒன்றரை நிமிஷம் ஆனது, சேலையும் அசிங்கமாகிவிட்டது.

மார்ச் 12, காலை

நேற்று சொன்னதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அகலம் உயரத்தைக் குறைப்பது வேறு, அமுக்குவது வேறு. முதலாவது, திரையில் ஒருபோதும் காட்டப்படாத பிக்சலைத் தூக்கி எறிவது. அதில் பார்ப்பவருக்கு நஷ்டம் ஏதும் இல்லை. இரண்டாவது, காட்டப்படும் பிக்சலிலேயே விவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது. நஷ்டம் இல்லாததை முதலில் முழுசாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் மற்றதைத் தொடுங்கள். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம், பிளக்இன் அந்தப் பொத்தானைத்தான் முன்னால் வைத்திருக்கிறது என்பதால்.

4000 பிக்சல் அகலத்தில் தரம் 60 வைத்த படத்தைவிட, 800 பிக்சல் அகலத்தில் தரம் 80 வைத்த படம் எடையும் குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். அக்கா கடைப் படங்கள் அப்படிச் செய்தபோது ஒவ்வொன்றும் 80, 90 கேபிக்கு வந்தன. 14 படமும் சேர்ந்து 1.2 எம்பி. 41 எங்கே, 1.2 எங்கே!

இன்னொன்று. கோப்பை எவ்வளவு அமுக்கினாலும், போனுக்குள் அது விரிந்துதான் ஆக வேண்டும். 4000-க்கு 3000 படம் விரிந்தால், பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் 48 எம்பி நினைவகம் கேட்கும், கோப்பு 3 எம்பியாக இருந்தாலும் சரி, 300 கேபியாக இருந்தாலும் சரி. பழைய போனில் பக்கம் இழுத்து இழுத்து நகர்வது இதனால்தான்.

மார்ச் 14

எந்தக் கருவி என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு படம் என்றால் ஸ்குவூஷ். பிரவுசரிலேயே ஓடும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. நடுவில் ஒரு கோடு இருக்கும், அதை இழுத்தால் இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. கோட்டை மெதுவாக நகர்த்திப் பார்ப்பதில் கற்றுக்கொண்டதுதான் எனக்கு நிறைய. நூறு படம் என்றால் இமேஜ்மேஜிக். ஒரே கட்டளையில் ஒரு கோப்புறை முழுவதும் முடியும்.

தரம் 80 என்பது 80 சதவீதம் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். அது அந்தந்தக் கருவி வைத்திருக்கும் அளவுகோல், அவ்வளவுதான். ஒரு கருவியின் 80 இன்னொன்றின் 80 ஆகாது. ஜேபெக், வெப்பி என்று படக் கோப்பில் வகைகள் உண்டு; ஜேபெக்கின் 75-ம் வெப்பியின் 75-ம் ஒன்றல்ல. எண்ணைப் பார்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள்.

மார்ச் 19

மேலூர்த் தம்பி செய்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: முகப்பு 26 எம்பியிலிருந்து 3 எம்பிக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்று. மூன்று எம்பி ஏன் வருகிறது என்று அவர் தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் முன்பு சறுக்கிய அதே இடம்.

வேர்ட்பிரஸ் நாம் ஏற்றும் படத்தைப் பல அளவுகளில் தானே வெட்டி வைத்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து, இன்ன இன்ன அகலத்தில் படம் இருக்கிறது என்ற பட்டியலையும் பக்கத்தில் எழுதிவிடும். அதுதான் எஸ்ஆர்சிசெட். பட்டியல் இருக்கிறது, சரி. ஆனால் இந்தப் படம் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைப் பிரவுசருக்கு யார் சொல்வது? அதைச் சொல்வது சைஸஸ் என்ற இன்னொரு பண்பு. அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் ‘திரை முழு அகலமும்’ என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். நம் கடைப் பக்கமோ இரண்டு வரிசை. ஒரு படத்துக்குத் திரையில் பாதிதான் இடம். ஆக ஒவ்வொரு படமும் அகலத்தில் இரு மடங்கு, பரப்பில் நாலு மடங்கு பெரிதாக இறங்குகிறது.

எஸ்ஆர்சிசெட் இருந்தால் போதும் என்று போன வருஷம் இங்கேயே ஒருவருக்கு நான் பதில் எழுதியிருந்தேன். அது தப்பு. சைஸஸில் பாதித் திரை, அதாவது 50விடபிள்யூ (50vw) என்று எழுத வேண்டும். தீமிலேயே, அதாவது தளத்தின் வடிவமைப்புக் கோப்பிலேயே, மாற்றினால் எல்லாப் பக்கத்துக்கும் சரியாகிவிடும்.

மார்ச் 27

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பாத்திரக் கடைக்காரருக்கு இது கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் படியுங்கள்.

படமெல்லாம் குறைத்து, பக்கம் சட்டென்று திறந்து, நான் நிம்மதியாக இருந்த மாதம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா அக்காவுக்குப் போன் செய்து கேட்டார்: “இது கையால முடிச்சுக் கட்டினதா, இல்ல அச்சா? படத்துல பார்த்தா அச்சு மாதிரியில்ல இருக்கு.” அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. அது முழுக்கக் கையால் கட்டியது. மகால் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து வாரக்கணக்கில் கட்டிய சேலை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை. துணியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த இடத்தில் சாயம் ஏறாத புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஒருபோதும் ஒரே அச்சாக இருக்காது, ஒன்று சற்றுச் சதுரம், ஒன்று கோணல். சுற்றிலும் துணி லேசாகச் சுருங்கிக் குமிழ்ந்து நிற்கும். அச்சுச் சேலையில் புள்ளி தட்டையாக, ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். வாங்குபவர் கண் தேடுவது அந்தச் சுருக்கத்தைத்தான். நான் அமுக்கித் தூக்கி எறிந்ததும் அதையேதான்.

எப்படிப் போயிற்று என்று தேடினேன். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்தையும், மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று பல அலைகளின் கூட்டாக எழுதிக்கொள்ளும். வேகமாக மாறுவதில் கண்ணுக்கு அவ்வளவு கவனம் இருக்காது என்று அதை முதலில் வெட்டும். வானம், முகம், சுவர் என்றால் இது அருமையான யோசனை. சுங்குடியில் வேகமாக மாறுவதே புள்ளியின் ஓரம்தான். (இந்த அலைக் கணக்கை 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இணையத்தில் நாம் பார்க்கும் போட்டோக்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. எனக்கு இதில் பெருமை உண்டு, அதனால் எழுதினேன்.)

அதோடு நிறம். ஜேபெக் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும். ஒளியை முழு அளவிலும், நிறத்தைப் பெரும்பாலும் நீளத்தில் பாதி அகலத்தில் பாதியாகவும் வைக்கும். அதாவது நாலு பிக்சலுக்கு ஒரே நிறம். அரக்குச் சிவப்பு நடுவே வெள்ளைப் புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான் இருக்கிறது என்றால், சிவப்பு வெள்ளைக்குள் கசிந்து புள்ளி ரோஸ் நிறமாகிவிடும். பெரிதாக்கிப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. வெள்ளையாக ஒரு புள்ளிகூட இல்லை.

மார்ச் 28

நேற்றையதற்குச் சேர்ப்பு. நிறத்தைப் பாதியாக்காமல் வைக்கும் வழி ஜேபெக்கிலேயே உண்டு. ஸ்குவூஷில், ஜேபெக்காகச் சேமிக்கும் மோஸ்ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான அமைப்பு இருக்கிறது. இமேஜ்மேஜிக்கில் தரம் 90-ஐத் தொட்டால் தானாகவே நிறத்தைப் பாதியாக்காது. வெப்பியில், விவரத்தை விட்டுக்கொடுத்து அமுக்கும் இழப்புள்ள வகையில், இந்த வசதி கிடையாது. அது எப்போதும் நிறத்தைப் பாதியாகத்தான் வைக்கும். ஆனால் நிற மாற்றத்தைக் கூர்மையாகச் செய் என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டால் கசிவு ஓரளவு குறைகிறது. சிவப்பு, அரக்கு, ராணிக் கலர் சேலைகளுக்கு நான் அதைப் போடாமல் எதையும் ஏற்றுவதில்லை.

ஏப்ரல் 2

“அப்ப சேலைப் படத்தையெல்லாம் பெருசா, தரம் கூட்டி வச்சுட்டா முடிஞ்சுதே” என்று ஒருவர். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோதுதான் புத்தி வந்தது.

சேலையை விரித்துத் தொங்கவிட்டு, குறுக்கே ஒண்ணேகால் மீட்டர் படத்தில் வருகிற மாதிரி எடுக்கிறோம். அதை 800 பிக்சலில் காட்டினால், ஒரு பிக்சல் துணியில் ஒன்றரை மில்லிமீட்டர். நம் புள்ளி 3, 4 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல். இரண்டு பிக்சலில் எந்தக் கொம்பனாலும் துணிச் சுருக்கத்தைக் காட்ட முடியாது. தரம் 100 வைத்தாலும் அங்கே காட்ட ஒன்றுமே இல்லை. அகலத்தை இரட்டிப்பாக்கி 1600 வைத்தாலும் ஐந்து பிக்சல்தான், எடையோ மூன்று நாலு மடங்கு.

ஆக வழி வேறு. சேலைக்கு இரண்டு வகைப் படம். ஒன்று, முழுச் சேலை: நிறமும் கரையும் முந்தியும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதை 800-ல், தாராளமாக அமுக்கலாம். இன்னொன்று, கிட்டப் படம்: உள்ளங்கை அகலத் துணி, 10 சென்டிமீட்டர் மட்டும், 1000 பிக்சலில். அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். ஒரு புள்ளிக்கு 30, 40 பிக்சல். சுருக்கம், நூல் இறுகிய தடம், சாயம் லேசாக உள்ளே ஏறிய இடம், எல்லாம் வந்துவிடும். இதில் அமுக்குவதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கிட்டப் படம் ஒன்று 150 கேபி வரும். முகப்பில் போட வேண்டாம், அந்தச் சேலையின் பக்கத்தைத் திறந்தவருக்கு மட்டும் போதும். அவர்தான் புள்ளியைத் தேடுகிறவர்.

தம்பி, உங்களுக்கும் இது பொருந்தும். பித்தளைக் குடத்தில் வாங்குபவர் எதைப் பார்ப்பார்? சுத்தியல் தட்டிய தடம், கழுத்தில் பற்றவைத்த இடம். அதைக் கிட்டத்தில் எடுங்கள். குடம் முழுசாகத் தெரியும் படத்தை இஷ்டம் போல் குறையுங்கள்.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். விடியக்காலை ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை லட்சம் பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, சிக்னல் கோடு முழுசாக இருந்தும் ஒன்றும் நகரவில்லை. பக்கத்தில் நின்ற உசிலம்பட்டிக்காரப் பெண் ஒருவர் என் அக்காவின் சேலையைப் பற்றிக் கேட்டார், அக்கா கட்டியிருந்தது தன் கடைச் சேலை. தளத்தின் பெயரைச் சொன்னேன், அவர் போனில் அடித்தார்.

எழுத்து உடனே வந்தது. கடைப் பெயர், சேலை விவரம், விலை. படம் இருக்க வேண்டிய இடங்கள் சாம்பல் கட்டங்களாக அப்படியே நின்றன, எதுவும் குதிக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் எழுதி வைத்திருந்ததன் பலன் அது. எழுதாவிட்டால், படம் வர வர எழுத்து கீழே தள்ளிக்கொண்டே போகும், அமுக்கப் போன பொத்தான் விரலுக்கு அடியிலிருந்து நழுவும். முதல் படம் வர 20 நொடி ஆகியிருக்கும். ஆனாலும் அவர் மூடவில்லை. பழைய 41 எம்பிப் பக்கமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் வெள்ளைத் திரை மட்டும்தான்.

வீட்டு வைஃபையில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். திருவிழாக் கூட்டமே வேண்டியதில்லை, சாயங்காலம் ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்து உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்.

மே 9

இரண்டு விபத்து, ஒரே வாரத்தில்.

முதலாவது நிறம். மேல் விவரங்களை, அதாவது படக் கோப்பின் உள்ளே ஒட்டிக்கொண்டு வரும் தேதி, கேமரா, இடம் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் படத்துக்குச் சில கேபி குறையும் என்று எல்லாவற்றையும் உரித்தேன். அக்கா மகள் அப்போது புதிதாக ஐபோன் வாங்கியிருந்தாள், அவள் அதில் எடுத்த படங்களும் இவற்றில் இருந்தன. ஐபோன் படம் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிறவெளியில், அதாவது அதிக நிறங்களைக் காட்டும் முறையில் இருக்கும், அதைச் சொல்லும் நிறக் குறிப்பும் கோப்புக்குள்ளேயே இருக்கும். நான் அந்தக் குறிப்பையும் சேர்த்து உரித்துவிட்டேன். குறிப்பு இல்லாத படத்தைப் பிரவுசர் சாதாரண நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். நிறம் வெளிறிவிடும். ராணிக் கலர் சேலை மங்கிய ரோஸாகத் தெரிந்தது. வாங்கிய ஒருவர், “நான் மெல்லிசான ரோஸ் கேட்டேன், பளிச்சுன்னு வந்திருக்கு” என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது நியாயம். தப்பு என்னுடையது.

சரியான வரிசை இதுதான்: முதலில் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, அப்புறம் உரி. அதேபோல, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் உள்ளே படுத்துத்தான் இருக்கும், ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் சேலை படுத்துக்கொள்ளும். முதலில் திருப்பு, அப்புறம் உரி.

ஆனால் உரிக்காமலும் இருக்க முடியாது. முடிச்சுக் கட்டுபவர்களின் வீட்டுத் திண்ணையில் எடுத்த படங்கள் எங்களிடம் நிறைய. அதற்குள் அட்சரேகை தீர்க்கரேகை துல்லியமாக இருந்தது. அந்த வீட்டுப் பெண்களின் முகவரியை ஊருக்கே கொடுத்த மாதிரி. சில கேபிக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே உரிக்க வேண்டும்.

இரண்டாவது விபத்து, ஒரு பிளக்இன். மூலப் படத்தின் மேலேயே அமுக்கிய படத்தை எழுதிவிட்டது. அந்த அமைப்பு முன்கூட்டியே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. 60 சேலையின் மூலப் படம் போயிற்று. அவற்றில் பாதி விற்றுப்போன சேலைகள், மறுபடி எடுக்க வழியே இல்லை. இப்போது மூலப் படங்கள் தனி ஹார்ட் டிஸ்க்கில். தளத்துக்குப் போவது பிரதிதான்.

மே 10

“வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே குறைந்துவிடுகிறதே, அதையே ஏற்றினால் என்ன?” என்ற கேள்விக்கு: செய்யாதீர்கள். வாட்ஸ்அப் ஒரு தடவை அமுக்கும், எடிட்டரில் திறந்து சேமித்தால் இரண்டாவது தடவை, வேர்ட்பிரஸ் அளவு வெட்டும்போது மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் முந்தைய அழுக்கையும் விவரம் என்று நினைத்துக் காப்பாற்றும். அக்கா எனக்குப் படத்தை அனுப்பும்போது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புவார். அப்படி அனுப்பினால் தொடாமல் வரும்.

ஜூன் 16

லேஸி லோடிங், அதாவது திரைக்குப் பக்கத்தில் வரும் வரை படத்தை இறக்காமல் தள்ளிப்போடுவது பற்றி, நான் எங்கோ எல்லாப் படத்துக்கும் போடுங்கள் என்று எழுதியதாக ஒருவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆமாம், எழுதினேன், திருத்திக்கொள்கிறேன். திரைக்குக் கீழே இருக்கும் படத்துக்கு மட்டும்தான் அது. திறந்தவுடன் தெரியும் முதல் பெரிய படத்துக்குப் போட்டால், பிரவுசர் பக்கத்தை அடுக்கி முடித்து, இது திரையில் தெரிகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கேட்கவே ஆரம்பிக்கும். முக்கியப் படம் வந்து சேரும் நேரத்தைக் கூகுள் எல்சிபி என்று அளக்கிறது, இரண்டரை நொடிக்குள் இருந்தால் நன்று. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு பண்பை எடுத்துவிட்டு, முன்னுரிமை அதிகம் என்று எழுதியதில் ஒரு நொடிக்கு மேல் முன்னேறியது. படத்தின் எடை ஒரு பைட்கூட மாறவில்லை.

முகப்புப் படத்தை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பின்னணியாக வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. சிஎஸ்எஸ் இறங்கிப் படிக்கப்படும் வரை அப்படி ஒரு படம் இருப்பதே பிரவுசருக்குத் தெரியாது.

ஜூலை 20

ஆடித் தள்ளுபடிக்கு ஒருவர் பேனர் வரைந்து கொடுத்தார். 2.8 எம்பி பிஎன்ஜி. சேலைப் போட்டோவும் எழுத்தும் ஒரே படத்தில். பிஎன்ஜி ஒன்றையும் இழக்காத வகை, கோடு, லோகோ, தட்டையான நிறத்துக்கு அருமை. போட்டோவை அதில் வைத்தால் எடை இப்படித்தான் ஏறும். ஜேபெக்காக மாற்றி 90 கேபிக்குக் கொண்டுவந்தேன். அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார், “டேய், ‘சுங்குடிச் சேலை’யில ச்-க்கு மேல புள்ளி எங்கடா?”

போனில் அந்த அளவில் ஒற்றுப் புள்ளி ஒரு பிக்சலோ ஒன்றரைப் பிக்சலோதான். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் ஜேபெக் விடும் அழுக்கில் அது கரைந்துவிட்டது. துணியில் புள்ளியைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டுவிட்டு எழுத்தில் புள்ளியை விட்டுவிட்டேனே என்று அன்று இரவே பிரித்து வைத்தேன். போட்டோ தனி, 60 கேபி. எழுத்து, எழுத்தாகவே மேலே. எந்தத் திரையிலும் கூராக நிற்கிறது, தேடினால் கிடைக்கிறது, கண் தெரியாதவருக்குப் போன் வாசித்துக் காட்டுகிறது, தள்ளுபடி மாறினால் படத்தைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றலாம்.

எண்ணைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: போன ஆடிக்குப் படத்திலேயே விலை எழுதி, பிறகு அதே பெயரில் வேறு படம் ஏற்றினோம். படங்களை ஒரு வருஷம் பிரவுசரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால், முன்பு வந்தவர்களுக்குப் பழைய விலையே தெரிந்தது. அக்கா பழைய விலைக்கே கொடுத்தார். படம் மாறினால் கோப்பின் பெயரும் மாற வேண்டும்.

ஆகஸ்ட் 25

வெப்பி நல்லதா, அதற்குப் பின் வந்த ஏவிஃப் என்ற படக் கோப்பு வகை நல்லதா என்று சிலருக்குள் சண்டை நீண்டுகொண்டே போகிறது, என் பங்குக்குச் சுருக்கமாக. வெப்பியைக் கூகுள் 2010-ல் அறிவித்தது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020-ல் 14-ஆம் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது, அதற்குப் பின் தயங்கக் காரணமில்லை. ஏவிஃப், ஏவி1 வீடியோ முறையிலிருந்து வந்தது. குரோம் 2020-லும், ஃபயர்பாக்ஸ் 2021-லும், சஃபாரி 2022-லும் ஏற்றன. 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5-ம் ஏற்கிறது. ஏவிஃப் எடை குறைவு, நிறத்தையும் முழுசாக வைக்க முடியும். ஆனால் எடை மிகவும் குறைக்கும்போது அது விவரத்தை வழவழவென்று மெழுகிவிடுகிறது. ஜேபெக் கெட்டால் கெட்டது தெரியும். ஏவிஃப் கெட்டால் அழகாகவே இருக்கும், ஆனால் துணிச் சுருக்கம் இருக்காது. சுங்குடிக்கு இது ஆபத்து. அதனால் முழுச் சேலைப் படத்துக்கு ஏவிஃப், கிட்டப் படத்துக்கு நிறம் பாதியாக்காத ஜேபெக் என்று வைத்திருக்கிறேன். கிட்டப் படம் ஒவ்வொன்றையும் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் ஏற்றுவது.

அக்டோபர் 6

மேலூர்த் தம்பி குடத்தின் கழுத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறார். சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல இருக்கிறது. 130 கேபி. முகப்பு மொத்தமும் 700 கேபிக்குள் வந்துவிட்டதாம். அவர் அப்பா முதல் தடவையாகத் தன் போனில் கடைத் தளத்தைத் திறந்து கடைசி வரை பார்த்தாராம். சந்தோஷம் தம்பி. அந்தப் படத்தில் பித்தளையின் மினுக்கம் ஒரு பக்கம் வெள்ளையாக எரிந்திருக்கிறது, ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்து இன்னொரு தடவை எடுங்கள்.

இங்கே தீபாவளிக்கு 22 புதுச் சேலை வந்திருக்கிறது. 21-க்குக் கிட்டப் படம் முடிந்தது. ராணிக் கலரில் மஞ்சள் புள்ளி வைத்த ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை, மஞ்சள் ஓரத்தில் ஆரஞ்சுக் கசிவு தெரிகிறது, மூலப் படத்திலேயே இருக்கிறது. கேமரா வெளிச்சம் போதாமல் தானே மெழுகியிருக்க வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு, மாடியில் வெயில் நேராக விழுவதற்கு முன் மறுபடி எடுக்கப் போகிறேன்.